தப்பு பண்ண விடுங்கப்பா: ஒரு கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

உங்க சினிமா கட்டுரையெல்லாம் ரொம்ப நாளா படிக்கறேன், லெட்டர் எழுதறது இதான் மொதல் தடவ. 2008ல அயர்ன் மேன் வந்தப்போ நான் ஒன்பதாவது. அப்போ பிடிச்ச பைத்தியம் இன்னும் தெளியல, சூப்பர்ஹீரோ படம் எடுக்கற மார்வெல் டிசி ரெண்டுலயும் ஒரு படம் விட்டதில்ல. இப்போ பிரச்னை என்னன்னா, ஆபீஸ்ல லஞ்ச் டைம்ல லோகாங்கற மலையாள சூப்பர்ஹீரோயின் படத்த பத்தி பேச ஆரம்பிச்சு அது அப்படியே பொண்ணுங்க சூப்பர்ஹீரோவா வர்ற படங்க பக்கம் போயிடுச்சு. நான் வாய வச்சிட்டு சும்மா இல்லாம, கேப்டன் மார்வெல் எனக்கு செம போர், அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்ல பொண்ணுங்க எல்லாம் வரிசையா வந்து நிக்கற சீன் பாத்து சிரிப்புதான் வந்துச்சு, தி மார்வெல்ஸ் பாதியிலயே நிறுத்திட்டேன்னு சொல்லிட்டேன். உடனே டீம்ல ஒரு தோழி "பொண்ணு ஜெயிச்சா உங்களுக்கெல்லாம் வயிறு எரியும்"னு சொல்லிட்டாங்க. அதுகூட பரவால்ல. எனக்கு சப்போர்ட்டுக்கு வந்த சீனியர் ஒருத்தர் "அதான் நான் எப்பவும் சொல்றது, பொம்பள சூப்பர்ஹீரோ படமே எடுக்கக்கூடாது, என்னைக்கும் ஓடாது"ன்னாரு. அவர் என் பக்கம் பேசினதுதான் எனக்கு இன்னும் அசிங்கமா போச்சு.

ஏன்னா எனக்கு பிளாக் விடோ பிடிக்கும், பிளாக் பாந்தர்ல வர்ற படைத்தளபதி ஒகோயே பிடிக்கும், லோகா தியேட்டர்ல ரெண்டு தடவ பாத்தேன். அப்போ எனக்கு என்னதான் பிரச்னை? நான் ஆணாதிக்கவாதியா, இல்ல அந்த படங்கள்லயே கோளாறா? உள்ளத சொல்லுங்க, திட்டினாலும் வாங்கிக்கறேன்.

இப்படிக்கு
ஒரு வாசகன், கோயம்புத்தூர்

*

தம்பிக்கு,

லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, பதில் லேட்டுதான், மன்னிச்சிடுங்க. திட்டறதுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. சொல்லப்போனா எண்ட்கேம்ல அந்த சீனுக்கு நானும் சிரிச்சேன், அப்பறம் கொஞ்சம் எரிச்சலும் வந்துச்சு, ஆனா நீங்க சிரிச்ச காரணமும் நான் சிரிச்ச காரணமும் ஒண்ணான்னு தெரியல.

கல்யாண வீட்டுல பாத்திருப்பீங்க, எல்லாம் முடிஞ்சு போட்டோகிராஃபர் மூட்டை கட்டற நேரத்துல யாராவது ஒரு பெரியவர் "ஏம்ப்பா, பொம்பளைங்க எல்லாரையும் வச்சு ஒண்ணு எடுத்துடுப்பா"ன்னு குரல் குடுப்பாரு, உடனே அடுப்படியில இருந்தவங்க, பந்தியில இருந்தவங்கன்னு எல்லாரும் முந்தானைய சரி பண்ணிட்டு ஓடி வந்து மேடையில நிப்பாங்க. அந்த சீன் அதேதான். ஸ்பைடர்மேன் பையன் அந்த சக்திக் கல்லு பதிச்ச கையுறைய கேரல், அதான் கேப்டன் மார்வெல், கிட்ட குடுத்து, இவ்ளோ பேர தாண்டி எப்படி போவீங்கன்னு கேக்கறான், அவளுக்கு துணை இருக்குன்னு சொல்லி ஒவ்வொருத்தரா வந்து ஃப்ரேம்ல நிக்கறாங்க. வில்லன் தானோஸோட அவ்வளவு பெரிய கப்பல ஒத்த ஆளா ஊடுருவிப் போய் உடைச்சுட்டு அப்பதான் தரையில இறங்கி இருக்கா அந்த பொண்ணு, அவளுக்கு எதுக்கு இப்போ துணை? அது போகட்டும். அந்த போட்டோல யார் இல்லன்னு கவனிச்சீங்களா? நடாஷா, அதான் உங்க பிளாக் விடோ, இல்ல. 2010ல அயர்ன் மேன் 2ல வந்ததுலேருந்து ஒன்பது வருஷமா அந்த கூட்டத்துல பெரும்பாலும் ஒத்தப் பொம்பளையா நின்னு எல்லா வேலையும் பாத்தவ, இந்த சண்டைக்கு கொஞ்சம் முன்னாடிதான் வோர்மிர் கிரகத்துல மலையிலேருந்து விழுந்து செத்துப் போயிருக்கா. அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் செத்ததுக்கு ஏரிக்கரையில அத்தன பேரும் கருப்பு ட்ரெஸ்ல வந்து நின்னு மரியாதை பண்ணாங்க, இவளுக்கு அஞ்சு ஆம்பளைங்க அதே மாதிரி ஒரு தண்ணிக்கரையில நின்னு ரெண்டு நிமிஷம் பேசினதோட சரி. சமைச்சவள விட்டுட்டு எடுத்த குரூப் போட்டோ. அதான் எனக்கு எரிச்சல்.

(அந்த படத்தோட தமிழ் டப்பிங்ல நடாஷாவுக்கு ஆண்ட்ரியா பேசினாங்க, டோனிக்கு விஜய் சேதுபதி. ஊரே சேதுபதி குரல வச்சு சண்டை போட்டுச்சு. ஆண்ட்ரியா எப்படி பேசினாங்கன்னு கேட்டா, நானே அந்த பக்கம் காது குடுக்கல, ஒத்துக்கறேன்.)

இதுக்கு முந்தின படத்துல, 2018 இன்ஃபினிட்டி வார்ல, இதே மாதிரி ஒரு சீன் இருக்கு, ஞாபகம் இருக்கா? மாய சக்தி இருக்கற வாண்டா கீழ விழுந்து கிடக்கறா, வில்லி நீ தனியாதான் சாகப் போறன்னு சொல்றா, பின்னாடிலேருந்து நடாஷா குரல், அவ ஒண்ணும் தனியா இல்லன்னு. பக்கத்துல ஒகோயே. மூணே பேரு, அந்த இடத்துல அவங்க இருக்கறதுக்கு காரணம் இருக்கு, சண்டையும் கைகலப்பா நடக்குது. அதுக்கு நீங்க சிரிச்சிருக்க மாட்டீங்க, நானும் சிரிக்கல. அதனால பொண்ணுங்க சேந்து சண்டை போட்டா உங்களுக்கு வயிறு எரியுதுன்னு உங்க தோழி சொன்னது, எனக்கு தெரிஞ்ச வரைக்கும் சரியில்ல. ஆனா அவங்க அப்படி சந்தேகப்பட்டதுக்கும் நியாயம் இருக்கு, கேப்டன் மார்வெல் 2019 மார்ச் 8ல ரிலீஸ், ஒரு ஆள்கூட படம் பாக்காதப்பவே பிப்ரவரியிலயே ராட்டன் டொமேட்டோஸ்ங்கற விமர்சன தளத்துல போய் இந்த படம் எனக்கு வேண்டாம்னு கும்பல் கும்பலா எழுதித் தள்ளுனாங்க, தாங்க முடியாம அந்த தளம் ரிலீஸுக்கு முன்னாடி கமெண்ட் போடற வசதியவே எடுத்துட்டாங்க. அந்த கூட்டத்த பாத்து சலிச்சவங்களுக்கு "போர்"னு யாரு சொன்னாலும் அதே குரலாதான் கேக்கும்.

சரி, போருக்கு வருவோம். கேப்டன் மார்வெல் எனக்கு பிடிச்ச சில சீன் இருக்கு. சின்ன வயசுலேருந்து விழுந்து விழுந்து எழுந்து நிக்கற பொண்ண வரிசையா காட்டுவாங்களே, அதுல எனக்கு தொண்டை அடைச்சுச்சு, பொய் சொல்ல மாட்டேன். கடைசில அவளுக்கு பயிற்சி குடுத்த ஆளா நடிச்ச ஜூட் லா வந்து சக்திய விட்டுட்டு வெறுங்கையால என்கூட மோது, நிரூபிச்சுக் காட்டுன்னு சொல்றப்போ பேசாம ஒரே போடா போட்டு பாறையில தூக்கி அடிச்சுட்டு, உனக்கு நான் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லன்னு சொல்றது, அதுக்கு நான் விசில் அடிச்சேன். ஆனா மொத்தமா பாத்தா நீங்க சொல்றது சரிதான், படம் சப்புன்னு இருக்கு. ஏன் சப்புன்னு இருக்கு? சக்தி ஜாஸ்திங்கறதாலயா? தோருக்கு சக்தி கம்மியா என்ன?

என் பதில் இதான் தம்பி, அந்த பொண்ண படம் பூரா ஒரு தப்புகூட பண்ண விடல.

யோசிச்சு பாருங்க. ஆறு வருஷமா அவ க்ரீங்கற வேற்றுகிரக இனத்தோட படையில இருந்திருக்கா. ஸ்க்ரல்ங்கற இன்னொரு இனத்த வேட்டையாடறதுதான் வேலை. அப்பறம்தான் தெரியுது, அந்த ஸ்க்ரல்கள் வீடு வாசல் இல்லாம ஓடிட்டிருக்கற அகதிங்கன்னு, புருஷன தேடற பொண்டாட்டி, குழந்த குட்டின்னு. அப்போ இந்த ஆறு வருஷத்துல இவ எத்தன பேர கொன்னா? எந்த வீட்ட எரிச்சா? இதான் கதை! இத வச்சு ஒரு படமே எடுக்கலாம். படத்துல என்ன நடக்குது? எனக்கு தெரியாதுன்னு இவ ஒரு வார்த்த சொல்றா, உனக்கு எப்படி தெரியும், இது போர், என் கையிலயும் கறை இருக்குன்னு ஸ்க்ரல் தலைவன் டாலோஸ் ஒரு வார்த்த சொல்றான். முடிஞ்சது. கேஸ் க்ளோஸ். அந்த டாலோஸ் வேஷத்துல பென் மெண்டல்சன், அவரு அந்த ஒத்த வரிய சொல்ற விதத்துலயே நமக்கு டாலோஸ் மேல இருக்கற பாசம் கேரல் மேல இல்லாம போயிடுது.

இத அயர்ன் மேனோட வச்சு பாருங்க, உங்க ஒன்பதாவது படிக்கற கண்ணோட. டோனி ஸ்டார்க் ஆயுத வியாபாரி, குடிகாரன், திமிரு. தன் கம்பெனி பேரு போட்ட குண்டு தன் கண்ணு முன்னாடியே வெடிச்சு அதோட சில்லு நெஞ்சுல குத்துது. குகையில கூட இருந்த யின்சன் இவனுக்காக உயிர விடறான். அப்பறமும் அவன் ஒழுங்கா திருந்தறானா, இல்ல, அடுத்த படத்துலயே குடிச்சுட்டு அந்த கவசத்தோட பார்ட்டியில கூத்தடிக்கறான். தோர் முட்டாள்தனமா போர தூண்டிவிட்டு அப்பன்கிட்ட அடி வாங்கி துரத்தப்பட்டவன். ஆம்பள ஹீரோன்னா தப்புலேருந்து ஆரம்பிக்கலாம், நாம அவன் கூடவே போவோம். கேரலுக்கு நடந்த தப்பெல்லாம் அடுத்தவங்க அவளுக்கு பண்ணது. பாவம்தான், ஆனா பாவப்படறதும் கூடவே போறதும் வேற வேற.

உங்களுக்கு ஒகோயே ஏன் பிடிக்குதுன்னு எனக்கு ஒரு யூகம் இருக்கு. புசான் சூதாட்ட கிளப்ல தலையில இருந்த விக்க கழட்டி எதிராளி மூஞ்சில எறியறது மட்டும் இல்ல. வில்லன் கில்மாங்கர் வந்து வகாண்டா நாட்டு சிம்மாசனத்துல உக்காந்ததும் தோழி நாக்கியா வந்து கெஞ்சறா, வா போயிடலாம், இவன தூக்கி எறியலாம்னு. ஒகோயே மாட்டேங்கறா. சிம்மாசனத்துல யாரு உக்காந்திருக்கானோ அவனுக்குதான் என் விசுவாசம்னு நிக்கறா. தப்பான முடிவு! நமக்கு தெரியும், அவளுக்கும் உள்ளுக்குள்ள தெரியும், கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா ஈட்டிய விட மாட்டா. அப்படி நின்னவதான் கடைசில சொந்த ஆள் கழுத்துக்கு நேரா ஈட்டிய பிடிச்சுட்டு, வகாண்டாவுக்காக உன்னையும் கொல்லுவேன்னு சொல்றப்போ நாம நம்பறோம். அவளுக்குன்னு தனி படம்கூட இல்ல, பாருங்க.

அப்போ தனி படம் குடுக்கற ஹீரோயினுக்கு மட்டும் ஏன் இந்த பயம்? அதுக்கு பதில் உங்க சீனியர் சொன்ன "ஓடாது"லதான் இருக்கு. அவருக்கு முன்னாடியே ஒரு பெரிய மனுஷன் அத சொல்லி இருக்காரு. 2014 ஆகஸ்ட்ல மார்வெலோட தலைவர் ஐக் பெர்ல்மட்டர் சோனி கம்பெனி மைக்கேல் லின்டனுக்கு ஒரு சின்ன ஈமெயில் அனுப்பினாரு, சோனிய ஹேக் பண்ணப்போ அது வெளிய வந்துடுச்சு. பொம்பள சூப்பர்ஹீரோ படம் எப்படி ஊத்திக்கிச்சுங்கற லிஸ்ட் அது: எலெக்ட்ரா, கேட்வுமன், சூப்பர்கேர்ள். சூப்பர்கேர்ள் வந்தது 1984ல! முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஊத்திக்கிட்ட படத்த கணக்குல இன்னும் பாக்கி வச்சிருந்திருக்காங்க. கேட்வுமன் 2004, ஹாலி பெர்ரி. அந்த படத்த நான் டிவிடியில பாத்தேன், கதை என்ன தெரியுமா, ஒரு கம்பெனி மோசமான ஃபேஸ் க்ரீம் விக்குது, ஹீரோயின் அத தடுக்கணும். பேட்மேனுக்கு ஒரு நகரமே பத்தி எரியும், இந்த பொண்ணுக்கு ஃபேஸ் க்ரீம்! படம் ஊத்தினது பொம்பளயாலயா, க்ரீமாலயா? அந்த அம்மா மோசமான நடிகைக்கான ராஸி விருத, தான் வாங்கின ஆஸ்கர ஒரு கையில பிடிச்சுட்டு நேர்லயே போய் வாங்கினாங்க, அந்த படத்துல நடந்ததுலயே வீரமான விஷயம் அதான்.

2011ல கிரீன் லேன்டர்ன் வந்து ஊத்திக்கிச்சு. 2015ல ஃபென்டாஸ்டிக் ஃபோர் ஊத்திக்கிச்சு. ஹல்க் ரெண்டு தடவ எடுத்து பாத்தாங்க, சரியா வரல, மூணாவதா வேற ஆள போட்டு கூட்டத்துல சேத்துக்கிட்டாங்க. ஆம்பள படம் ஊத்தினா அந்த படம்தான் ஊத்தும், டைரக்டர மாத்துவாங்க, ஆள மாத்துவாங்க, திரும்ப எடுப்பாங்க. பொம்பள படம் ஊத்தினா பொம்பளைங்க எல்லாரும் ஊத்திக்குவாங்க, அடுத்த பத்து வருஷத்துக்கு கதவ சாத்திடுவாங்க. வில்லிக்கு கூட இதே கதிதான். அயர்ன் மேன் 3ல மொதல்ல வில்லி ஒரு பொண்ணுதான், பொம்மை விக்காதுன்னு மேலேருந்து சொன்னதால ஆம்பளயா மாத்திட்டோம்னு டைரக்டர் ஷேன் பிளாக்கே 2016ல சொன்னாரு. ஏஜ் ஆஃப் அல்ட்ரான்ல நடாஷா விமானத்துலேருந்து பைக்கோட குதிப்பா, அதுக்கு பொம்மை செட் போட்டாங்க, பைக் இருக்கு, விமானம் இருக்கு, ஓட்டறது கேப்டன் அமெரிக்கா.

இப்படி ஒரு நெலமையில, மார்வெல்ல 20 படம் எடுத்து முடிச்சு 21வதா மொத தடவ ஒரு பொண்ண தனியா நிக்க வைக்கறப்போ எழுதறவன் கை நடுங்குமா நடுங்காதா? மூத்த மகள மொத தடவ வெளியூர் காலேஜுக்கு அனுப்பற வீடு மாதிரி. நீ ஏதாவது பண்ணி வச்சா உன் தங்கச்சிங்க யாரையும் படிக்க அனுப்ப மாட்டோம்னு சொல்லி அனுப்பினா, அந்த பொண்ணு ஹாஸ்டல் ரூம விட்டு வெளிய வருமா? அந்த பொண்ணுகிட்ட சுவாரசியமா சொல்ல என்ன கதை இருக்கும்? நீங்க போர்னு சொல்றது அந்த ஹாஸ்டல் ரூம. உங்க சீனியர் மாதிரி ஆளுங்களுக்கு பயந்துதான் அது போரா இருக்குங்கறத அவருகிட்ட சொல்லிடுங்க.

இப்போ வொண்டர் வுமன். 1941ல காமிக்ஸ்ல வந்தவ, தனியா ஒரு பெரிய படம் வர்றதுக்கு 2017 ஆச்சு. பேட்டி ஜென்கின்ஸ் டைரக்ஷன், உலகம் பூரா 82 கோடி டாலர் வசூல். நான் அத பகல் காட்சி பாத்தேன், பாதி தியேட்டர் காலி. அந்த நோ மேன்ஸ் லேண்ட் சீன் வருது, எல்லா ஆம்பளைங்களும் அந்த பக்கம் போக முடியாது, ஒரு வருஷமா ஒரு அடி நகரல, விட்டுடுன்னு சொல்றாங்க. அவ மேல இருந்த கருப்பு போர்வைய கழட்டிட்டு ஏணியில ஏர்றா. மொத குண்டு கை வளையத்துல பட்டு தெறிக்குது. எனக்கு அழுகை வந்துடுச்சு, ஏன்னு சொல்ல தெரியல, திரும்பி பாத்தா ரெண்டு சீட் தள்ளி உக்காந்திருந்த ஒரு அம்மா, அம்பது வயசு இருக்கும், கர்ச்சீப்ப வாயில வச்சு அழுத்திட்டு இருக்காங்க. படம் முடிஞ்சு லேடீஸ் டாய்லெட்ல கண்ணாடி முன்னாடி ரெண்டு பேரும் நின்னோம், ஒண்ணும் பேசிக்கல.

ஆனா அந்த படத்துல எனக்கு அதைவிட பெருசா தெரியறது வேற சீன். டயானா, அதான் வொண்டர் வுமன், படம் பூரா நம்பறது ஒண்ணே ஒண்ணு, போர் கடவுள் ஏரீஸ கொன்னா போர் நின்னுடும், மனுஷங்க நல்லவங்க. ஜெர்மன் தளபதி லூடன்டார்ஃப்தான் ஏரீஸ்னு அவளுக்கு நிச்சயம். விமான தளத்துல அந்த கோபுரத்து மேல ஏறி அவன கத்தியால குத்தி கொன்னுடறா. கொன்னுட்டு கீழ பாக்கறா. சிப்பாய்ங்க விஷ வாயுவ விமானத்துல ஏத்திட்டு இருக்காங்க, முன்ன மாதிரியேதான், ஒருத்தன் கூட நிறுத்தல. அந்த மூஞ்சி! ஏன் இன்னும் பண்றாங்க, அவன் செத்துட்டானேன்னு குழந்த மாதிரி கேக்கறா. காதலன் ஸ்டீவ் கிட்ட பதில் இல்ல, கெட்டவன் ஒருத்தன் மட்டும் இல்லயோ என்னவோ, நாம எல்லாரும்தானோ என்னவோன்னு திணர்றான். ரயில் நிலையத்துல மொத தடவ ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு அத விக்கறவன்கிட்ட நீங்க ரொம்ப பெருமைப்படணும்னு சொன்ன அதே பொண்ணு. அந்த ஐஸ்க்ரீம் சீனுக்கு சிரிச்சோம்ல, அந்த வெகுளித்தனத்துக்கு இங்க வச்சாங்க ஆப்பு. அவ நம்பிக்கை தப்பு, அந்த தப்புல ஒரு ஆள கொன்னுட்டா. படத்த அங்கயே விட்டிருந்தா என்ன படம்யா அது!

விட்டாங்களா? அடுத்த அஞ்சாவது நிமிஷம் நிஜ ஏரீஸ் வந்து நிக்கறாரு, டேவிட் தியூலிஸ் மீசையோட. அப்போ டயானா சொன்னது சரிதான், ஆள்தான் மாறிடுச்சு. இடி மின்னல் நெருப்பு, க்ளைமாக்ஸ். குடுத்த தப்ப கையிலேருந்து புடுங்கிக்கிட்டாங்க.

இதுக்கு அடுத்த பாகம், 2020ல வந்த வொண்டர் வுமன் 1984, இன்னும் கொடுமை. செத்துப்போன ஸ்டீவ் திரும்ப வரணும்னு டயானா ஆசப்படறா, வர்றான், எப்படின்னா வேற ஒரு ஆளோட உடம்புல. அந்த ஆளுக்குன்னு ஒரு வீடு இருக்கு, வேலை இருக்கு, வாழ்க்கை இருக்கு. அவன் உடம்ப இவங்க ரெண்டு பேரும் அவன கேக்காமயே எடுத்து புழங்கறாங்க. இது எவ்ளோ பெரிய தப்பு, ஒரு தேவதை மாதிரி பொண்ணு காதலுக்காக இப்படி ஒரு கேவலமான காரியம் பண்ணிட்டான்னு கதை பண்ணியிருந்தா உலுக்கி எடுத்திருக்கும். ஆனா இது தப்புங்கறதே படத்துக்கு தெரியல தம்பி! கடைசில அந்த ஆள தெருவுல பாத்து சிரிச்சு பேசிட்டு போறா. எழுதினவங்களுக்கு அவ தப்பே பண்ண மாட்டாங்கறது அவ்வளவு நிச்சயம், அவங்களே எழுதின தப்பு அவங்க கண்ணுக்கே படல.

சரி, தப்பு பண்ற பொண்ணே இல்லயான்னு கேட்டீங்கன்னா, இருக்காங்க, ஆனா தப்பு பண்ணா அவங்க பேரு ஹீரோ இல்ல, பைத்தியம். எக்ஸ்மென்ல ஜீன் க்ரேக்கு அளவுக்கு மீறி சக்தி வந்துச்சு, 2006ல ஒரு தடவ கட்டுப்பாடு போச்சு, வுல்வரின் அழுதுட்டே குத்தி கொன்னான். 2019ல அதே கதைய வேற நடிகைய வச்சு எடுத்தாங்க, திரும்பவும் கட்டுப்பாடு போச்சு, திரும்பவும் எரிஞ்சு போனா. வாண்டா ஒரு ஊரையே தன் துக்கத்துக்குள்ள அடைச்சு வச்சா, 2021ல வந்த அந்த வாண்டாவிஷன் சீரியல் எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா அங்க அவ பண்றது தப்புன்னு நமக்கும் தெரியுது, ஆனா டிவி முன்னாடி உக்காந்து நாமளும் அந்த துக்கத்துலயே கிடக்கறோம். அடுத்த வருஷமே டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்துல அவள பிள்ளைக்கு ஏங்கி வெறி பிடிச்ச சூனியக்காரியா மாத்தி, மலைய அவ மேலயே சரிச்சு மூடிட்டாங்க. டோனி தப்பு பண்ணா பரிகாரம் உண்டு, வாண்டா தப்பு பண்ணா சமாதிதான்.

உங்க நடாஷா கதையும் பாதி இதான். அவ கணக்குல சிவப்பு நிறைய இருக்குன்னு 2012 அவெஞ்சர்ஸ்ல அவளே சொல்றா, வில்லன் லோகி ஒவ்வொண்ணா எடுத்து வீசறான், அவள கொலைகாரியா வளத்த ட்ரேகோவோட பொண்ணு, ஆஸ்பத்திரி தீ. அந்த கும்பல்லயே உண்மையான பாவத்த சுமந்துட்டு நடமாடினவ அவதான், அதான் உங்களுக்கும் எனக்கும் அவள பிடிக்குது. அந்த ட்ரேகோவோட பொண்ணு யாருன்னு நமக்கு காட்டினது எப்போ? 2021ல. அப்பனுக்கு வச்ச குண்டுல அந்த சின்ன பொண்ணும் இருக்கான்னு தெரிஞ்சே நடாஷா சரின்னு சொன்னது, அந்த பொண்ணு முகம் வெந்து போய் இவ முன்னாடி வந்து நிக்கறது, எல்லாம் இவ செத்து ரெண்டு வருஷம் கழிச்சு வந்த படத்துல. தப்பு பண்ண ஹீரோயினுக்கு தனி படம் குடுக்க அவ சாக வேண்டியிருந்துச்சு. அந்த படம் தியேட்டர்லயும் வீட்டு ஆப்லயும் ஒரே நாள்ல வந்து, ஸ்கார்லெட் ஜொஹான்சன் டிஸ்னி மேல கேஸ் போட்டு அப்பறம் சமரசம் ஆனது வேற கதை. ஆனா அதுல தங்கச்சி யெலனா இருக்காளே, அக்கா தரையில இறங்கி முடிய சிலுப்பி போஸ் குடுக்கறத கிண்டல் பண்ணிட்டு, பின்னாடி தானே ஒரு இடத்துல அதே போஸ்ல இறங்கிட்டு ச்சீன்னு உடம்ப உதறுவா பாருங்க, பத்து வருஷமா அந்த போஸ பாத்து நான் நினைச்சத ஒரு நொடியில நடிச்சு காட்டிட்டா அந்த பொண்ணு ஃப்ளோரன்ஸ் ப்யூ.

முடின்னதும் ஞாபகம் வருது, 2020ல கேத்தி யான் எடுத்த பேர்ட்ஸ் ஆஃப் பிரே பாத்தீங்களா? பெரும் சண்டை நடக்குது, பிளாக் கேனரி முடி மூஞ்சில விழுந்து விழுந்து அவதிப்படறா, ஹார்லி க்வின் சண்டைக்கு நடுவுல ஹேர் பேண்ட் வேணுமான்னு கேட்டு குடுக்கறா. அவ்ளோதான் சீன். இடுப்பு வரைக்கும் முடி வச்சு பஸ் ஜன்னலோரம் உக்காந்து போன எந்த பொண்ணுகிட்ட வேணா கேளுங்க, எண்பது வருஷ சூப்பர்ஹீரோ சரித்திரத்துல இத யோசிக்க ஒருத்தருக்கும் தோணலயேன்னு சொல்வா. அந்த ஹார்லி ஒரு ஒழுங்கும் இல்லாத பிறவி, திருடுவா, பணத்துக்காக கூட இருந்த சின்ன பொண்ணையே காட்டிக் குடுக்க கிளம்பிடுவா. ராத்திரி குடிச்ச போதை தெளியறதுக்கு ஆசையா ஒரு முட்டை சாண்ட்விச் வாங்கி, போலீஸ் துரத்தற அவசரத்துல அது கைதவறி கீழ விழறத ஸ்லோ மோஷன்ல காட்டுவாங்க, பொணம் விழுந்த மாதிரி அலறுவா. நான் அந்த சாண்ட்விச்சுக்காக வருத்தப்பட்டேன் தம்பி. கேரலுக்காக அவ்ளோ வருத்தப்பட்டேனான்னா, இல்ல.

இன்க்ரெடிபிள்ஸ் கார்ட்டூன்ல ஹெலன் வில்லன் கோட்டைக்குள்ள பதுங்கிப் போறப்போ கண்ணாடில தன் இடுப்ப திரும்பி பாத்து ஒரு பெருமூச்சு விடுவா. 2004ல வந்த படம். மூணு பிள்ள பெத்தவ. அதுக்கு மேல அந்த சீன பத்தி எழுதினா எனக்கு வேலை ஓடாது.

இப்போ ஒரு வேடிக்கை சொல்றேன். நீங்க பாதியில நிறுத்தின தி மார்வெல்ஸ், அதுலதான் கேரலுக்கு ஒரு தப்பு குடுத்தாங்க! க்ரீ கிரகத்த ஆண்ட அந்த பெரிய மூளைய அவ கோவத்துல அழிச்சுட்டு போயிடறா, விடுதலை குடுத்ததா நினைச்சு. அங்க உள்நாட்டு சண்டை வந்து, காத்து தண்ணி எல்லாம் பாழாகி, சூரியனே மங்கிப் போயிடுது, அந்த மக்கள் இவளுக்கு நாசக்காரின்னு பேரு வச்சிருக்காங்க. அதனாலதான் இத்தன வருஷமா வீட்டுக்கே வராம சுத்திட்டு இருந்திருக்கா. எவ்ளோ பெரிய விஷயம், அத கொஞ்ச நேரம் ஃப்ளாஷ்பேக்ல சொல்லிட்டு ஓடிட்டாங்க, படமே 105 நிமிஷம்தான். மொத படம் 113 கோடி டாலர் அள்ளுச்சு, இது 20 கோடிய ஒட்டி நின்னுடுச்சு. தப்பே பண்ணாதவள பாக்க உலகமே போச்சு, தப்பு பண்ணி குமுறினவள பாக்க ஆள் இல்ல. இது என் கட்சிக்கு எதிரான சாட்சிதான், மறைக்க விரும்பல. ஆனாலும் அதுல வர்ற இன்னொரு ஹீரோயின் கமலா கான் வீட்டு ஆளுங்களுக்காகவாவது மிச்ச பாதிய பாருங்க, அவ அம்மா ஸ்பேஸ் ஸ்டேஷன்ல நடந்துக்கறது அப்படியே என் அம்மா ஏர்போர்ட்ல நடந்துக்கற மாதிரி.

லோகா பத்தி சொல்லாம விட்டா நீங்க விட மாட்டீங்க. 300 கோடிக்கு மேல வசூல், மலையாளத்துல அதுவரைக்கும் எந்த ஹீரோவும் தொடாத உயரம், தொட்டது சந்திராவா நடிச்ச கல்யாணி. உங்க சீனியர் சாப்பாட்டு டப்பாவ மூட இதுவே போதும். எனக்கு அதுல பிடிச்சது சந்திரா நல்லவளா கெட்டவளாங்கற கேள்விக்கு அவ பதிலே சொல்லாதது. ரத்தம் குடிச்சாதான் உயிரோட இருக்க முடியும், அதுக்காக அவ வெக்கப்படவும் இல்ல, நம்மகிட்ட மன்னிப்பு கேக்கவும் இல்ல. அவ யாருன்னு உங்களுக்கு தெரியும், கள்ளியங்காட்டு நீலி, அந்த கள்ளியங்காடு நம்ம நாகர்கோவில் பக்கம்தான். ராத்திரி போற ஆம்பளைங்கள மயக்கி ரத்தம் குடிக்கற யட்சின்னு பாட்டிங்க சொல்லி பயமுறுத்தின கதை.

நம்ம பக்கமும் ஒரு நீலி இருக்கா, திருவாலங்காட்டுக்கு பக்கத்துல பழையனூர்ல. தன்ன கொன்ன புருஷன அடுத்த பிறவியில தேடி வந்து, கள்ளிக் கட்டைய குழந்தையா மாத்தி இடுப்புல வச்சுட்டு, எழுபது வேளாளர் முன்னாடி நின்னு இவர்தான் என் புருஷன், என்ன விட்டுட்டு ஓடறாருன்னு அழுதா. அவங்க நம்பி, அவன் உயிருக்கு எங்க உயிர் ஜாமீன்னு சொல்லி ஒரே வீட்டுல தங்க வச்சாங்க, அவ வேலைய முடிச்சா, சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில இறங்கினாங்க. இதுல அவன் மொதல்ல அவள கொன்னான்ல? அதுக்கு தமிழ்ல ஒரு சொலவடையும் இல்ல. அவ அழுததுக்கு மட்டும் "நீலிக் கண்ணீர்"னு ஆயிரம் வருஷமா சொல்லிட்டு இருக்கோம். நேத்துகூட டிவியில ஒரு அரசியல்வாதி இன்னொருத்தர பாத்து சொன்னாரு. இதே நீலிய வச்சு ஒரு சமணர் நீலகேசின்னு காப்பியமே எழுதிட்டாரு, பேய் முனிவர பயமுறுத்தப் போய், அவர் பயப்படாததால அவருக்கே சிஷ்யையாகி, அப்பறம் ஊர் ஊரா போய் பெரிய பெரிய பௌத்த ஆசான்கள வாதத்துல தோக்கடிக்கறா. மார்வெல்காரன் கையில கிடைச்சா ஆறு படம் எடுப்பான், ஆனா அந்த எழுபது பேர் சாவ மட்டும் வேற யார் தலையிலயாவது கட்டிடுவான்.

உங்க கேள்விக்கு வர்றேன், நீங்க ஆணாதிக்கவாதியான்னு. ஒரு லெட்டர வச்சு நான் எப்படி சொல்றது, வீட்டுல சாப்பிட்ட தட்ட யார் கழுவறாங்கன்னு நீங்க எழுதல. ஆனா கேப்டன் மார்வெல் போர்ங்கறதுக்கு அந்த பட்டம் குடுக்க மாட்டேன். தோழிகிட்ட நாளைக்கு லஞ்ச்ல இத மட்டும் சொல்லி பாருங்க, அவ ஜெயிக்கறது எனக்கு பிரச்னை இல்ல, அவ எதுலயும் தோக்காததுதான் பிரச்னைன்னு. ஒத்துக்குவாங்களான்னு தெரியாது, நம்ம ரெண்டு பேரையும் சேத்து திட்டினா எனக்கும் எழுதுங்க.

சீனியர்கிட்ட கிரீன் லேன்டர்ன் பாத்தீங்களா சார்னு கேளுங்க. நான் பாத்தேன், முழு டிக்கெட் காசு குடுத்து, த்ரீடி கண்ணாடிக்கு தனியா வேற.

அன்புடன்
அக்கா